ருடால்ப் டீஸலும் யந்திரத்தின் ஓசையும்

கடற்கரையூர்களில் வைகறைப் பொழுதில் நிற்போர் செவிக்கு அலையோசையுடன் கலந்து மற்றோர் ஓசையும் எட்டும். மீன் பிடிக்கச் செல்லும் விசைப்படகுகளின் யந்திரங்கள் இடைவிடாது அதிர்ந்து ஒலிப்பதே அது. அவ்வோசையிற் பழகிய படகோட்டி அதனைப் பொருட்படுத்துவதில்லை. ஆயின் அதன் நடை சற்றே மாறினாலும் அவர் முகம் மாறிவிடும். நடுக்கடலில் யந்திரம் நின்றுபோயின் படகும் அதிலுள்ளார் உயிரும் காற்றின் வசமாகும். ஆதலின், யந்திரத்தின் குற்றத்தைச் செவியால் அறிந்து கையால் நீக்குதல் கடலை நம்பிப் பிழைப்போர்க்கு இன்றியமையாததொரு வித்தையாம்.

அவ்யந்திரத்தையும் அதற்கு ஊற்றும் எண்ணெயையும் டீஸல் என்றே நாம் அனைவரும் வழங்குகின்றோம். அஃது ஒரு மனிதருடைய பெயர் என்பதையோ, அம்மனிதர் பட்ட பாட்டையோ நினைப்பார் நம்மில் மிகச் சிலரே. தாம் படைத்த யந்திரத்தின் ஒவ்வொரு குற்றத்தையும் பொறுமையுடன் கண்டு நீக்கிய அப்பெரியாரின் வாழ்க்கை, நம் கல்லூரி மாணவர்க்குப் பெரிதும் பயன்படுவதாகலின் அதனை ஈண்டுச் சுருக்கமாக எழுதப் புகுகின்றோம்.

பிறப்பும் இளமையும்

ருடால்ப் டீஸல் 1858-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 18-ஆம் நாள் பாரிஸ் மாநகரிற் பிறந்தார். தந்தையார் தியடோர் டீஸல் ஜெர்மனியைச் சேர்ந்த பவேரியா நாட்டு ஆக்ஸ்பர்க் நகரத்தவர். புத்தகங் கட்டுதலும் தோற்பொருள் செய்தலும் அவர் தொழில். தாயார் எலிஸ் நூரன்பர்க் நகரத்தவர். பிழைப்பை நாடிப் பாரிஸ் சேர்ந்த எளிய குடும்பம் அது. தந்தையார் செய்த தோற்பொருள்களை வாடிக்கைக்காரர் வீடுகளிற் கொண்டுபோய்ச் சேர்ப்பது சிறுவன் ருடால்பின் வேலை. ஒழிந்த வேளையில், வீட்டிற்கு அருகிலிருந்த தொழிற்கலைக் காட்சிச்சாலைக்குச் சென்று, அங்கு வைத்திருந்த பழைய யந்திரங்களின் உருவங்களைக் காகிதத்தில் வரைந்துகொண்டிருப்பது அவன் வழக்கம்.

1870-ஆம் ஆண்டு பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. ஜெர்மானியர் பிரான்சை விட்டு நீங்கவேண்டியதாயிற்று. டீஸல் குடும்பத்தார் இருந்ததையெல்லாம் விட்டு லண்டனுக்கு ஓடினர். அங்கும் பிழைப்பு அரிதாகவே, 12 வயதுச் சிறுவனைப் பெற்றோர் ஆக்ஸ்பர்க்கிலிருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டனர். அவ்வீட்டுத் தலைவர் பார்னிக்கல் என்பார் அந்நகரத்துத் தொழிற்பள்ளியிற் கணித ஆசிரியர். தாய் தந்தையரைப் பிரிந்த சிறுவனுக்குக் கணிதமும் படக்கலையுமே துணையாயின. 14-ஆம் வயதிலேயே தான் யந்திரக்கலைஞனாகப் போவதாகப் பெற்றோருக்குக் கடிதம் எழுதினான். 1873-இல் பள்ளிப் படிப்பை முதன் மாணாக்கனாக முடித்தான்.

கல்வியும் சங்கற்பமும்

1875-இல் உபகாரச்சம்பளம் பெற்று மூனிக் நகரத்துப் பொறியியற் கல்லூரியிற் சேர்ந்தார் டீஸல். அங்கு வெப்பவியல் கற்பித்தவர், குளிர்விக்கும் யந்திரங்களால் உலகப் புகழ்பெற்ற கார்ல் லிண்டே என்னும் பேராசிரியர். ஒருநாள் வகுப்பில், நீராவி யந்திரம் தான் எரிக்கும் நிலக்கரியின் வெப்பத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கைக்கூட வேலையாக மாற்றுவதில்லை என்றும், எஞ்சியதெல்லாம் வீணே கழிகின்றதென்றும் அவர் விளக்கினார். ஏனைய மாணாக்கர் அதனைக் கேட்டு எழுதிக்கொண்டு போயினர். டீஸலோ, அவ்வீண் செலவை ஒழிக்க வழியுண்டா என்னும் கேள்வியைத் தம் குறிப்பேட்டின் ஓரத்தில் பதித்துக்கொண்டார். பின்வந்த பதினைந்து ஆண்டுகளில் அக்கேள்வி அவரை விட்டு அகலவில்லை.

1879-இல் தேர்வுக் காலத்தில் விஷக்காய்ச்சல் கண்டமையால் அவர் தேர்வெழுத இயலவில்லை. அடுத்த தேர்வு வருமளவும் சும்மாயிராது, சுவிட்ஸர்லாந்தில் வின்டர்தூரிலுள்ள சுல்ஸர் சகோதரர் தொழிற்சாலையில் தொழிலாளரோடு தொழிலாளராகக் கைவேலை பயின்றார். 1880-இல் தேர்வெழுதி மிகச் சிறந்த மதிப்புடன் தேறினார். பிறகு லிண்டேயின் பனிக்கட்டித் தொழிற்சாலையைப் பாரிஸில் நடத்தும் பொறுப்பை ஏற்றார். 1883-இல் மார்த்தா என்னும் நங்கையை மணந்தார். மக்கள் மூவர் பிறந்தனர். 1890-இல் குடும்பத்துடன் பெர்லின் நகருக்குக் குடிபெயர்ந்தார்.

பகலெல்லாம் பிறருக்குப் பனிக்கட்டி செய்துகொடுத்தவர், இரவெல்லாம் தம் வெப்ப யந்திரத்தையே சிந்தித்தார். முதலில் நீராவிக்குப் பதிலாக அம்மோனியா ஆவியைக் கொண்டு யந்திரம் ஓட்டப் பல ஆண்டு முயன்றார். அது பயன்படாதென்று தெளிந்தபோது, இழந்த காலத்தை எண்ணி வருந்தாது அதனைக் கைவிட்டார்.

காற்றினின்று பிறக்கும் தீ

சைக்கிளுக்குக் காற்றடிப்போர், பம்பின் அடிப்பாகம் சுடுவதை அறிவர். காற்றை நெருக்கினால் அது சூடேறும் என்பதற்கு இதுவே சான்று. மிகமிக நெருக்கினால், அதிற் படும் எண்ணெய் தானே பற்றியெரியும் அளவுக்குச் சூடேறும். மலேயா முதலிய கீழைநாடுகளில் வாழ்வோர் சிறு குழாயில் ஒரு தண்டை வேகமாக அறைந்து, உள்ளிருக்கும் பஞ்சில் தீயுண்டாக்கும் முறையை நெடுங்காலமாக அறிந்திருந்தனர்.

இவ்வுண்மையையே டீஸல் தம் யந்திரத்துக்கு அடிப்படையாகக் கொண்டார். உருளையினுள் முதலிற் காற்றை மட்டும் புகவிட்டு, பிஸ்டனால் அதனை நெருக்கி, சூடேறிய அக்காற்றில் எண்ணெயைச் சிறிது சிறிதாகப் பாய்ச்சவேண்டும்; எண்ணெய் தானே எரிந்து பிஸ்டனைத் தள்ளும்; தீப்பொறியும் வேண்டா, கொதிகலமும் வேண்டா. இவ்வெண்ணத்துக்கு 1892-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் உரிமை கோரி விண்ணப்பித்தார். அடுத்த ஆண்டு ஜனவரியில் தம் கொள்கையை நூலாக வெளியிட்டார். ஆக்ஸ்பர்க் யந்திரத் தொழிற்சாலையின் தலைவர் ஹைன்ரிக் பூஸ் என்பாரும், புகழ்பெற்ற க்ருப் நிறுவனத்தாரும் பொருளுதவி செய்ய இசைந்தனர். இளமையில் அகதியாய்ப் புகுந்த ஆக்ஸ்பர்க் நகருக்கே அவர் மீண்டும் வந்தார்.

ஆக்ஸ்பர்க்கில் நான்கு ஆண்டுகள்

1893-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள் முதற் சோதனை நிகழ்ந்தது. தொழிற்சாலையின் சுழல்தண்டிலிருந்து வார்கொண்டு யந்திரத்தைச் சுழற்றி, எண்ணெயைப் பாய்ச்சினர். உடனே பேரொலியுடன் உருளையினுள் வெடித்தது. அழுத்தம் 80 வளிமண்டல அளவை எட்டியது. அழுத்தத்தைக் காகிதத்திற் கோடாக வரையும் அளவுகருவி சிதறித் துண்டுகள் பறந்தன. அருகில் நின்றோர் தப்பியது அவர் நல்லூழ். யந்திரமோ தன் வலியால் ஒரு சுற்றும் சுற்றவில்லை. வேறொருவராயின் இதனைத் தோல்வியென்று எழுதியிருப்பர். நெருக்கப்பட்ட காற்றில் எண்ணெய் தானே பற்றியது என்பதை அவ்வெடிப்பே மெய்ப்பித்தது எனக் கண்டார் டீஸல். உடைந்ததை எழுதினார், உடைந்த காரணத்தைத் தேடினார்.

அன்று தொடங்கிய தேட்டம் நான்கு ஆண்டுகள் நீடித்தது. பிஸ்டனைச் சுற்றிக் காற்றுக் கசிந்தது, வளையங்களை மாற்றினார். நீர்க்குளிர்ச்சி வேண்டாமென்று முதலில் எண்ணியிருந்தார், யந்திரம் அதனை மறுத்தது, நீர்ச்சட்டை பொருத்தினார். தம் நூலில் 250 வளிமண்டல அழுத்தம் வேண்டுமென்று கணித்திருந்தார். அது நடவாதென்று கண்டு, 30-ஐச் சற்றே கடந்த அளவோடு அமைந்தார். வெப்பநிலை உயராமலே எண்ணெய் எரியவேண்டுமென்பது அவர் பெரிதும் போற்றிய கொள்கை, அதனையும் விட்டுக்கொடுத்தார். எண்ணெயை எங்ஙனம் பாய்ச்சுவதென்பதே யாவற்றினும் பெரிய சிக்கலாயிற்று. பற்பல முறைகளை ஆராய்ந்து, இறுதியில் நெருக்கிய காற்றின் வேகத்தால் எண்ணெயைத் துளியாக்கி ஊதும் முறையைக் கைக்கொண்டார்.

1894-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் நாள், சோதனையின் நடுவே யந்திரத்தைச் சுழற்றிய வார் திடீரென நெகிழ்ந்தது. சுழல்தண்டு யந்திரத்தை இழுப்பதற்கு மாறாக, யந்திரமே சுழல்தண்டை இழுக்கத் தொடங்கிற்று. அதனை முதலிற் கண்ட தொழிலாளி ஒருவர் வாய்பேசாது தம் தொப்பியை எடுத்து வணங்கினாராம். ஏறத்தாழ ஒரு நிமிஷமே அது தன் வலியால் ஓடிற்று. அவ்வொரு நிமிஷத்தினின்று நிலையான யந்திரத்தை அடைய மேலும் மூன்று ஆண்டுகள் சென்றன. 1897-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் நாள், மூனிக் கல்லூரிப் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் முன்னிலையில் இறுதிச் சோதனை நடந்தது. நிமிஷத்துக்கு 154 சுற்றுச் சுற்றி, ஏறக்குறைய 18 குதிரைச்சக்தி தந்த அவ்யந்திரம், எண்ணெயின் வெப்பத்தில் நூற்றுக்கு 26 பங்குக்கு மேல் வேலையாக மாற்றிற்று. நீராவி யந்திரம் நூறாண்டுகளில் எட்டாத நிலை அது.

ஓசையின் பொருள்

டீஸல் யந்திரம் ஏன் இத்துணை ஓசை செய்கின்றது என்று வினவுவோர் பலர். பாய்ச்சிய எண்ணெய் அக்கணமே பற்றுவதில்லை. ஒரு நொடியில் ஆயிரத்திற் சில பங்கு காலம் தாழ்க்கின்றது. அதற்குள் மேலும் எண்ணெய் வந்து சேர்கின்றது. பின்பு சேர்ந்ததெல்லாம் ஒருங்கே பற்றும்போது அழுத்தம் திடீரென உயர்ந்து உருளையைச் சுத்தியால் அறைவதுபோல் அறைகின்றது. டீஸலின் காலத்தில் எண்ணெயைக் காற்று மெல்ல ஊதியதால் இவ்வறை குறைவு. பிற்காலத்தில், 1927-இல் பாஷ் நிறுவனத்தார் பெருவாரியாகச் செய்த பம்புகளைப் போன்றவை எண்ணெயை நேரே பாய்ச்சத் தொடங்கியபின், யந்திரம் சிறுத்து வேகம் பெருத்தது. ஓசையும் கூடவே வளர்ந்தது.

ஆகவே ஓசையுண்டு என்பதனாலேயே குற்றமுண்டு என்று கொள்ளலாகாது. மாறிய ஓசையே குற்றத்தின் குறி. படகு யந்திரம் பழுதுபார்ப்போர் அதனை ஆராயும் முறை, ஆக்ஸ்பர்க்கில் டீஸல் கைக்கொண்ட முறையே என்பதைக் கண்டு நாம் வியக்கின்றோம்.

அவர்கள் முதலில் ஓசை எங்கிருந்து வருகின்றதென்று பார்ப்பர். இணைப்பை விடுத்து யந்திரத்தைத் தனியே ஓடவிடும்போது ஓசை நின்றால், குற்றம் யந்திரத்தில் இல்லை. தண்டு கோணியிருக்கலாம், இணைப்பின் மரைகள் தளர்ந்திருக்கலாம், நீரைத் தள்ளும் விசிறியிற் கயிறோ வலையோ சுற்றியிருக்கலாம். யந்திரம் அமர்ந்துள்ள தாங்கிகள் தளர்ந்தாலும் படகு முழுதும் அதிரும். தனியே ஓடும்போதும் ஓசை நிலைப்பின், நீண்ட மரக்கோலையோ திருப்புளியையோ அசையும் உறுப்புகளுக்கு எட்டத்தில் யந்திரத்தின் மேல் ஊன்றி, மறுமுனையைச் செவியில் வைத்துக் கேட்பர். தலைப்பகுதியில் மெல்லெனத் தட்டும் ஓசை வால்வுகளின் இடைவெளி மிகுந்ததைக் காட்டும். அடியிலிருந்து கனத்துப் புடைக்கும் ஓசை, அதுவும் எண்ணெய் அழுத்தம் தாழ்ந்தபோது எழுவது, பேரிங் தேய்ந்ததைக் காட்டும். அப்போது யந்திரத்தை உடனே நிறுத்துவதே அறிவுடைமை.

கூரிய உலோக ஓசையாயின் எரிதலிற் குற்றம் எனக் கொள்வர். பழைய முறை யந்திரங்களில், மெதுவாக ஓடும் வேளையில் ஒவ்வோர் உருளைக்கும் செல்லும் எண்ணெய்க் குழாயின் மரையை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்ப்பர். எதனைத் தளர்த்தும்போது ஓசை தணிகின்றதோ அவ்வுருளையே குற்றமுடையது. பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்புகுமாதலின் அதன் எதிரே கை நீட்டலாகாது. மிகுந்த அழுத்தத்தில் வேலை செய்யும் இக்கால யந்திரங்களில் இச்சோதனையே கூடாது. அவ்வுருளையின் பாய்ச்சுகருவியைக் கழற்றிப் பார்த்தால், அது துளியாகத் தூவுவதற்குப் பதிலாகச் சொட்டுவது தெரியவரலாம். அதனைச் செப்பஞ்செய்தோ மாற்றியோ பொருத்தி, குழாயிற் புகுந்த காற்றை வெளியேற்றி, மீண்டும் ஓட்டிக் கேட்பர். ஓசை தீராவிடின் பாய்ச்சும் வேளை முந்தியுள்ளதா, குளிர்விக்கும் கடல்நீர் புகும் வழி பாசியால் அடைபட்டதா என்று மேலே செல்வர்.

இதில் ஒரு விதி உண்டு. ஒரு வேளையில் ஒன்றையே மாற்றவேண்டும், மாற்றியபின் கேட்கவேண்டும், கேட்டதை நினைவிற் கொள்ளவேண்டும். ஒரே நாளில் நான்கை மாற்றியவனுக்கு ஓசை நின்றாலும், எதனால் நின்றதென்று தெரியாது. டீஸல் நான்கு ஆண்டுகள் செய்ததும் இதுவே.

புகழும் பொருளும்

1897-க்குப்பின் புகழும் பொருளும் வெள்ளம்போல் வந்தன. அமெரிக்க உரிமையை அடால்பஸ் புஷ் என்னும் செல்வர் பத்து லட்சம் மார்க் கொடுத்துப் பெற்றார். 1900-இல் பாரிஸ் பொருட்காட்சியில் டீஸல் யந்திரம் உயர்ந்த பரிசு பெற்றது. வேர்க்கடலை எண்ணெயாலும் ஒரு யந்திரம் அங்கு ஓட்டிக் காட்டப்பட்டது.

ஆயினும் சோதனைச்சாலையில் ஓடியது கடைத்தெருவில் ஓடவில்லை. 1898-இல் கெம்ப்டன் நகரத்துத் தீக்குச்சித் தொழிற்சாலைக்கு 60 குதிரைச்சக்தியுள்ள யந்திரம் ஒன்று விற்கப்பட்டது. தீக்குச்சி வேண்டாத யந்திரத்தைத் தீக்குச்சி செய்வோரே முதலில் வாங்கியது வியப்பே. அது அடிக்கடி பழுதுற்றது. உரிமை பெற்ற ஏனையோர் செய்த யந்திரங்களும் முதலில் பழுதுற்று நின்றன. வாங்கினோர் குறைகூறினர், போட்டியாளர் உரிமை வழக்குத் தொடுத்தனர். அவ்வாண்டிலேயே டீஸல் உடலும் உள்ளமும் தளர்ந்து மருத்துவ நிலையத்தில் தங்கவேண்டியதாயிற்று. குறைகளை யந்திரக்கலைஞர் பலர் ஒவ்வொன்றாகத் தீர்க்க, யந்திரம் நலம்பெற்றது. அதனைப் படைத்தவரோ முழு நலம் பெற்றிலர். மூனிக்கில் மாளிகை கட்டினார். நிலத்திலும் எண்ணெய்க் கிணற்றிலும் இட்ட பொருள் அழிந்தது.

நீர்மேற் சென்ற யந்திரம்

1903-இல் பிரான்சு நாட்டுக் கால்வாயில் ‘பெதி பியேர்’ என்னும் படகும், ருஷியாவில் நோபல் சகோதரர் நிறுவனத்தாரின் ‘வாண்டல்’ என்னும் எண்ணெய்க் கப்பலும் டீஸல் யந்திரத்தால் ஓடின. 1910-இல் அமுண்ட்ஸன் தென்துருவம் நாடிப் புறப்பட்ட ‘பிராம்’ கப்பலிலும் டீஸல் யந்திரமே இருந்தது. 1912-ஆம் ஆண்டு பிப்ரவரியில் டேனிஷ் நாட்டுக் கப்பலாகிய ‘ஸிலாண்டியா’ கோபன்ஹேகனினின்று புறப்பட்டு, இந்துமாக்கடலைக் கடந்து பாங்காக் சென்று மீண்டது. ஒவ்வொன்றும் 1250 குதிரைச்சக்தியுள்ள இரண்டு டீஸல் யந்திரங்கள் அதனை உந்தின. புகைபோக்கியில்லாத அக்கப்பலைக் கண்டோர் வியந்தனர். கரிதள்ளுவோர் கூட்டம் கொதிகலத்தின் முன் வெந்து சாகவேண்டாத காலம் தொடங்கிற்று.

முடிவு

அவ்வாண்டின் இறுதியில் பெர்லினில் கப்பற்கலைஞர் சபையில் டீஸல் தம் யந்திரம் தோன்றிய வரலாற்றைக் கூறினார். பேராசிரியர் சிலர் எழுந்து, அது அவருடைய படைப்பே அன்று என்னும்படி வாதித்தனர். அவரோ நாள்தோறும் கடனில் ஆழ்ந்துகொண்டிருந்தார். வெளியே அதனைக் காட்டிக்கொள்ளவில்லை.

1913-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆம் நாள் மாலை, இங்கிலாந்தில் ஒரு கூட்டத்துக்குச் செல்லும்பொருட்டு ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் ‘டிரெஸ்டன்’ என்னும் நீராவிக் கப்பலேறினார். நண்பர் இருவருடன் உணவுகொண்டு, காலை 6.15 மணிக்குத் தம்மை எழுப்புமாறு சொல்லி அறைக்குச் சென்றார். காலையில் அறை வெறுமையாயிருந்தது. படுக்கை கலையவில்லை. மேற்தளத்தின் கம்பியருகில் அவருடைய தொப்பியும் மேலங்கியும் கிடந்தன. சில நாட்களுக்குப்பின் டச்சுப் படகொன்று கடலில் ஓருடலைக் கண்டது; அதிலிருந்து எடுத்த சிறு பொருள்களைத் தந்தையாருடையவை என மகன் யூஜென் அடையாளங் கண்டார். உடல் கடலுக்கே விடப்பட்டது. மனைவியாரிடம் அவர் முன்பே கொடுத்திருந்த பையில் பணமும், கையிருப்பு ஒழிந்ததைக் காட்டும் கணக்குத்தாள்களும் இருந்தன. அவர் இறந்தவாறு ஐயமற நிறுவப்படவில்லை. கடனும் மனச்சோர்வும் தாளாது தாமே உயிர்நீத்தார் என்பதே அவர் வரலாற்றை ஆராய்ந்தோர் பலருடைய கருத்து. அப்போது அவருக்கு வயது 55.

நாம் அறியத்தக்கது

ஓடாத யந்திரத்தின் முன் நான்கு ஆண்டுகள் தளராது நின்றவர், தம் வாழ்க்கையில் எழுந்த ஓசையை எவருக்கும் கேளாதவாறு அடக்கிக்கொண்டார். யந்திரத்தின் குறையை நாள்தோறும் ஏட்டில் எழுதிப் பலரோடு ஆராய்ந்தவர், தம் கடனையும் கவலையையும் மனைவி மக்களிடமும் கூறவில்லை. யந்திரம் பிழைத்தது, அதன் குற்றத்தைக் கேட்கப் பல செவிகள் இருந்தமையால். அவருக்கு அத்துணை நேராமற்போனது நம் நெஞ்சை உருக்குகின்றது.

மாணவ அன்பர்களே! தேர்விலோ தொழிலிலோ ஒரு முறை தவறினால் அதனைத் தோல்வியென்று மூடிவைக்காது, ஏன் தவறிற்று என்று பொறுமையுடன் தேடுதலை டீஸலின் ஆக்ஸ்பர்க் வாழ்க்கையினின்று கற்போமாக. உள்ளத்தில் ஓசை மாறும்போது, அது சிறிதாயிருக்கும்போதே நம்பத்தக்க ஒருவரிடம் கூறுதலை அவர் முடிவினின்று கற்போமாக. நடுக்கடலில் யந்திரம் நின்றபின் வருந்துவதினும், கரையருகிலேயே காது கொடுத்துக் கேட்பது நன்று என்பதை நம் கடற்கரைப் படகோட்டிகள் நன்கறிவர்.